மேசையிலுள்ள மோட்டார்

மழை ஏமாற்றினாலும் காற்று ஏமாற்றாத ஊர் அது. கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போகும். அங்கே யாரும் குடை விரிப்பதில்லை. விரித்தவர்கள் குடையைத் தேடிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார்கள்.

அந்த ஊரில் ஒரு தொழிற்பள்ளி இருந்தது. மோட்டார் வேலையும் வயரிங் வேலையும் கற்றுத்தருவார்கள். கற்று முடித்தவர்களைப் பக்கத்தில் உள்ள நூற்பாலை பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை. மோட்டார் அறைக்குள் கால் வைக்கிறவருக்கு அங்கே எழுதி ஒட்டியிருப்பதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முன்பு ஒருவர் ‘அபாயம்’ என்று எழுதிய பலகையில் ஈரச் சட்டையைக் காயப்போட்டாராம். அதற்குப் பிறகு வந்த நிபந்தனை அது.

பள்ளியை நடத்தியவர் ஆசான் சவரியப்பன். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருக்கு ஒரு சீடர் இருந்தார். சீடருக்குத்தான் வயது அதிகம். பெயர் தணிகாசலம். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பயிற்சிக்குப் போகிறவர்களின் வாசிப்பைச் சோதிக்கும் தேர்வாளராக வேண்டும் என்று வந்து சேர்ந்திருந்தார்.

அவர் சவரியப்பனை ‘ஆசான்’ என்பார். சவரியப்பன் அவரை ‘வாத்தியாரே’ என்பார். வெளியாட்கள் கேட்டால், இதில் யார் குரு, யார் சீடர் என்று குழம்பிப்போய் இரண்டு பேருக்கும் வணக்கம் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் தணிகாசலம் கேட்டார்.

“ஆசான், ஒருவருக்கு வாசிக்கத் தெரியும் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?”

சவரியப்பன் நீள ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“தேர்வு வைங்க.”

“வைத்த பிறகு?”

“வச்ச பிறகு பாப்போம்.”

தேர்வு இரண்டு பகுதி. முதலில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிறகு ஒருநாள், எழுதித் தந்ததை வாசித்து, அதன்படி செய்து, எழுதிக் காட்ட வேண்டும். ஒருமுறை தவறினால் மன்னிப்பு உண்டு. இரண்டாம் முறை தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வாய்விட்டு வாசிக்கிற தேர்வில் ஒருத்தியைத் தவிர எல்லோரும் தேறினார்கள். லிங்கதுரை என்கிற பையன், வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

தவறியது முப்பிடாதி ஒருத்திதான். அவளுக்கு வந்த பலகையில் ‘ஓடும்போது தொடாதீர்’ என்று இருந்தது. வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐயா, யார் ஓடும்போது?”

“என்ன?”

“இல்லய்யா. மிஷின் ஓடும்போதா, நாம ஓடும்போதா? நாம ஓடும்போதுன்னா, நடந்து போனாத் தொடலாமா?”

வகுப்பு முழுதும் சிரித்தது. தணிகாசலம் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில், ‘வாசிப்பில் கவனமில்லை, வாய் அதிகம்’ என்று எழுதி, சுழித்துவிட்டார்.

அன்றைக்கு முப்பிடாதி வாசலில் நின்று கேட்டாள்.

“ஐயா, இன்னொரு தரம் தவறினா வீட்டுக்கா?”

“ஆமாம்.”

“வீட்டுல எனக்குப் பீடி சுத்துற சுளகு தயாரா வச்சிருக்காங்கய்யா. நான் இங்க வந்த அன்னைக்கே எங்கம்மா அதைக் கழுவிக் காயவச்சிட்டா. எப்படியும் வருவான்னு.”

“அப்படியானால் கவனமாக வாசி.”

“கவனமா வாசிச்சாத்தான்யா சந்தேகம் வருது.”

“தேர்வு நேரத்தில் சந்தேகம் கேட்கக் கூடாது. இனிமேல் அதுதான் முதல் விதி.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

இரண்டாம் தேர்வுக்குத் தணிகாசலம் ஒரே ஒரு கேள்விதான் தயாரித்தார். கேள்வியின் முதல் வடிவம் ஆசான் வாயிலிருந்து வந்தது.

“மேஜை மேல இருக்க மோட்டாரோட ரெசிஸ்டன்ஸ் பாத்து எழுதுன்னு போடுங்க. மீட்டரை வச்சா ஓம் கணக்குல காட்டப்போவுது. அவ்வளவுதான்.”

தணிகாசலம் அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் இழைத்தார். திரும்பி வந்தபோது அது இப்படி இருந்தது:

மேசையிலுள்ள மோட்டாரின் மின்தடையை அளந்து எழுதுக.

ஆசான் இரண்டு தடவை வாசித்தார்.

“ரெசிஸ்டன்ஸ்னே இருந்துட்டுப் போவட்டுமே வாத்தியாரே.”

“தமிழில் சொல் இருக்கிறது ஆசான். பாடநூலிலேயே மின்தடைதான்.”

“மின்தடைன்னா கரண்ட் கட்டுல்ல? பேப்பர்ல போடுவானே, நாளைக்கு இந்தந்த ஊருல மின்தடைன்னு.”

“அதுவும் மின்தடைதான். இதுவும் மின்தடைதான். இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.”

“இடம் பாத்து.”

“இடம் பார்த்து.”

“சரி,” என்றார் ஆசான்.

தேர்வு நாள் வந்தது. காலையிலிருந்து தணிகாசலம் தன் நாற்காலியில் உட்கார்ந்து, கேள்வித்தாளைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தார். ‘மேசையிலுள்ள’ என்பதைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று ஒரு கவலை. ஆசான் சில காகிதங்களோடு வந்தார்.

“வாத்தியாரே, ஒரு கையெழுத்து.”

“எங்கே?”

“இங்க. அப்புறம் இங்க.”

தணிகாசலம் கண்ணைக் கேள்வித்தாளிலிருந்து எடுக்காமலே இரண்டு இடத்திலும் போட்டார். நல்ல கையெழுத்து. தமிழில் முழுப்பெயரும் போடுவார்.

தேர்வு தொடங்கியது. முதல் விதியை வாசித்துக் காட்டினார். சந்தேகம் கேட்கக் கூடாது, பேசக் கூடாது, ஒவ்வொருவராக முன்னே உள்ள மேசைக்குப் போய் அளந்துவிட்டு வந்து எழுத வேண்டும். பிறகு வகுப்பின் கடைசியில், வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் ஆள் எழுந்திருப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. காற்றாடி நின்றது. வெளியே அவ்வளவு காற்றடிக்கிற ஊரில் அந்த அறைக்கு மட்டும் ஜன்னல் ஒரே ஒரு பக்கம். தணிகாசலம் மிச்சமிருந்த கேள்வித்தாளால் விசிறிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு விசிறினால் அதிகக் காற்று வருவதுபோல் இருந்தது.

பயிற்சி மாணவர்கள் ஒவ்வொருவராக மேசைக்குப் போனார்கள். நின்றார்கள். திரும்பி வந்து எழுதினார்கள்.

முப்பிடாதி போனாள். மேசையைப் பார்த்தாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்த பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

தணிகாசலம் ஒரு கண்ணை மட்டும் திறந்து, உதட்டில் விரல் வைத்தார்.

அவள் போய் உட்கார்ந்து எழுதினாள். கொஞ்சம் எழுதிவிட்டு, பேனாவை மூடிவைத்து, அண்ணாந்து காற்றாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். வெகுநேரம் இருந்தாள். எல்லோரும் தாளைக் கொடுத்த பிறகும் இருந்தாள். காற்றாடி திடீரென்று சுற்றியது. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு வரி எழுதிவிட்டுத் தாளைக் கொடுத்தாள்.

மத்தியானம் தணிகாசலம் தாள்களைத் திருத்தினார். முதல் தாளில் ‘எட்டு ஓம்’ என்று இருந்தது. விடைக்குறிப்பிலும் எட்டு ஓம்தான். சரி போட்டார். அடுத்ததும் எட்டு ஓம். அதற்கடுத்ததும். ஒரே விடை வரவர அவருக்கு மனம் பூரித்தது. ஒரு சொல்கூட யாருக்கும் இடறவில்லை. எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கடைசியில் முப்பிடாதியின் தாள் வந்தது.

‘மேசையில் மோட்டார் இல்லை. மின்தடை: காற்றாடி நின்றதிலிருந்து இந்த வரி வரை. இன்னும் கரண்ட் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.’

கீழே, கொஞ்சம் இடம் விட்டு:

‘வந்துவிட்டது. மொத்தம் ஐம்பது நிமிடம்.’

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார். பிறகு சிவப்பு மையில் ‘தேறவில்லை’ என்று எழுதினார். இந்தத் தடவை சுழிக்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“மின்தடை என்றால் உனக்குக் கரண்ட் போவது மட்டும்தான் தெரியுமா?”

“இன்னொன்னும் தெரியும்யா. ரெசிஸ்டன்ஸ். மீட்டர் வச்சுப் பார்க்கிறது.”

“பிறகு ஏன் அதை எழுதவில்லை?”

“அதுக்கு மோட்டார் வேணும்யா.”

“பேசாதே.”

அவள் தாளில் இருந்த சிவப்பு எழுத்தை மட்டும் பார்த்தாள். நன்றாக வாசித்தாள் போலிருக்கிறது. முகம் சுருங்கிவிட்டது.

“சாயங்காலம் தேறினவங்களைக் கூட்டிட்டுப் போக மில் வண்டி வரும்போது நான் பையைக் கட்டி வைக்கவா, வேண்டாமாய்யா?”

“கட்டி வை. எங்கே போவதற்கு என்று ஆசான் சொல்வார்.”

அவர் தாள்களை எடுத்துக்கொண்டு ஆசானிடம் போனார். ஆசான் முற்றத்தில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார். நன்றாகக் குளித்திருந்தார். அந்த வாரத்தில் அவர் குளித்த மாதிரி இருந்தது அன்றைக்குத்தான்.

“எல்லோரும் தேறிவிட்டார்கள் ஆசான். ஒரு ஆள் தவிர.”

“யாரு?”

“முப்பிடாதி. விதிப்படி வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.”

ஆசான் தாளை வாங்கி நிதானமாக வாசித்தார்.

“மேசையில் மோட்டார் இல்லைன்னு போட்டிருக்கா.”

“ஆமாம்.”

“இல்லையா?”

“இருக்கிறது ஆசான்.”

“பாத்தீங்களா?”

“நான்தானே எழுதினேன். மேசையிலுள்ள மோட்டார் என்று.”

ஆசான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“வாங்க.”

வகுப்புக்குப் போனார்கள். மேசை இருந்தது. மேசைமேல் மீட்டர் இருந்தது. மோட்டார் எப்போதும் இருக்கிற இடத்தில் எண்ணெய் வட்டம் ஒன்று இருந்தது. தணிகாசலம் அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“அவளும் இப்படித்தான் பார்த்திருப்பா,” என்றார் ஆசான்.

தணிகாசலம் லிங்கதுரையைக் கூப்பிட்டார்.

“தம்பி, காலையில் நீ அளந்தபோது மோட்டார் எங்கே இருந்தது?”

“மேசையில இல்லய்யா.”

“பிறகு ஏன் சொல்லவில்லை?”

“நீங்க இருக்குன்னு எழுதியிருந்தீங்களேய்யா.”

“கண்ணால் பார்த்தாய் அல்லவா?”

“பார்த்தேன். இல்ல. அப்புறம் தாளைப் பார்த்தேன். இருந்துச்சு.”

“மீட்டரை எதில் வைத்து அளந்தாய்?”

லிங்கதுரை இரண்டு கைகளையும் காற்றில் நீட்டிக் காட்டினான். அப்போதும் நல்ல பாவனையோடுதான் காட்டினான்.

“அப்படியானால் எட்டு எப்படி வந்தது?”

“அந்த மோட்டாருக்கு எப்பவும் எட்டுதான்யா. போன வருசத்து அண்ணன்மார் சொல்லித்தான் போனாங்க.”

அவன் போன பிறகு தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் தமிழ் இன்னும் தூய்மையாகிவிடும்.

“மோட்டாரை அகற்றியவர் எவர் என்று அறிய வேண்டும் ஆசான். தேர்வாளர் ஒப்புதல் இல்லாமல் இங்கிருந்து ஒரு திருகாணிகூட வெளியே போகக் கூடாது. வாட்ச்மேன் என்ன செய்துகொண்டிருந்தார்?”

வாட்ச்மேன் துரைப்பாண்டி கேட் பாஸ் கட்டோடு வந்தார்.

“போச்சுங்க. காலையிலயே போச்சு. பாஸ் இருக்குங்களே.”

“யார் கையெழுத்து?”

“படிக்கிற மாதிரி நல்லாத்தான் போட்டிருக்கு. பாருங்க.”

‘தேர்வு மேசையில் உள்ள பம்ப் மோட்டார் ஒன்று, ஆசான் வீட்டுக் கிணற்றுக்கு. நாளை மறுநாள் திரும்பும்.’ அதன் கீழே தமிழில் முழுப்பெயர். தணிகாசலம். ‘ணி’க்குப் பக்கத்தில் அவர் வழக்கமாக வைக்கிற புள்ளிகூட இருந்தது.

காற்று ஜன்னல் கதவை ஒருமுறை தட்டிவிட்டுப் போனது.

தணிகாசலம் அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“என்னைச் சோதிக்கத்தானே இப்படிச் செய்தீர்கள் ஆசான்?”

“சே. வீட்டு மோட்டார் எரிஞ்சு போச்சு வாத்தியாரே. மூணு நாளா துணி ஊறிக் கிடக்கு. எங்க வீட்டம்மா, மோட்டார் பள்ளிக்கூடம் நடத்துற ஆளுக்கு வீட்டுல தண்ணி இல்லைன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா.”

“என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேனே. எழுத்துலயே சொன்னேன்.”

துரைப்பாண்டி கேட் பாஸ் கட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக நழுவினார். சிரிப்பை அவர் கேட் வரைக்கும் கொண்டுபோய்த்தான் சிரித்தார்.

தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். தாள்களை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். எட்டு, எட்டு, எட்டு. எல்லாவற்றிலும் அவர் போட்ட சிவப்புச் சரி.

“இந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்கவே தெரியாதா ஆசான்?”

“நல்லாத் தெரியும். என்ன, தாளை விட்டுட்டாங்க. உங்களை வாசிச்சிட்டாங்க.”

“முப்பிடாதி?”

“அவ தாளை நீங்கதானே திருத்தினீங்க. நீங்களே சொல்லுங்க. இடம் பாத்துப் பொருள் கொள்ளணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?”

தணிகாசலம் பேனாவை எடுத்தார். முப்பிடாதியின் தாளில் ‘தேறவில்லை’ என்பதில் ‘வில்லை’யை அடித்தார். ‘தேற’ என்று மட்டும் அநாதையாக நின்றது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் ‘னாள்’ என்று எழுதிப் பார்த்தார். ‘தேறனாள்’ என்று வந்தது. அது இன்னும் மோசம். முழுவதையும் அடித்துவிட்டு, கீழே புதிதாக, ‘தேறினாள்’ என்று எழுதினார். பிறகு மற்ற தாள்களில் போட்ட சரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். அதற்கு நேரம் பிடித்தது.

சாயங்காலம் மில் வண்டி வந்தது. பெரிய வண்டி. டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

“எத்தனை பேருங்க?”

“ஒரு ஆளு,” என்றார் ஆசான்.

“ஒரு ஆளா? இம்புட்டுப் பெரிய வண்டியில நான் ஒரு ஆளையா ஏத்திட்டுப் போவணும்? சரக்கு ஏத்தினாலும் பிரயோஜனம்.”

“மத்தவங்க அடுத்த தடவை வருவாங்க. மறுதேர்வு இருக்கு.”

“அஞ்சு நிமிசம் நிப்பேன். அப்புறம் கிளம்பிருவேன். மில்லுல சிப்டு மாறுற நேரம்.”

முப்பிடாதி பையோடு வாசலில் நின்றாள். ஆசான் ஒரு காகிதத்தை எழுதிக் கொண்டுவந்து தணிகாசலத்திடம் நீட்டினார். மேலே, மில்லுக்கு அனுப்பப்படுகிறவர் என்று முப்பிடாதியின் பெயர். கீழே, மறுதேர்வு எழுத வேண்டியவர்கள் என்று ஒரு நீளப் பட்டியல்.

“வாத்தியாரே, ஒரு கையெழுத்து. இங்க.”

தணிகாசலம் காகிதத்தை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்தார். முதல் வரியில் விரல் வைத்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் விரலை நகர்த்தி நகர்த்தி வாசிக்கத் தொடங்கினார்.

டிரைவர் ஹாரன் அடித்தார்.

“ஐயா,” என்றாள் முப்பிடாதி.

“ம்.”

“கையெழுத்தை மட்டும் போட்டுருங்கய்யா. வண்டி போயிரும்.”

“பொறு அம்மா. வாசிக்கிறேன்.”

“எல்லாம் எங்க பேருதான்யா. உங்களுக்குத் தெரிஞ்ச பேருதான்.”

“இருக்கட்டும். பார்க்கிறேன்.”

விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது. ஒரு பெயரில் நின்றது. எழுத்துப்பிழை. திருத்தினார். ஹாரன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை டிரைவர் கையை எடுக்கவே இல்லை. முப்பிடாதி ஒரு காலை வண்டியின் படியில் வைத்துக்கொண்டு, மறுகாலை முற்றத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பினால் எந்தக் காலோடு போவது என்று அவளுக்கே தெரியவில்லை.

விரல் கடைசி வரிக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. தணிகாசலம் அந்த வரியைத் திரும்ப வாசித்தார். உதடு அசைந்தது. நிமிர்ந்து ஆசானைப் பார்த்தார்.

“ஆசான், மறுதேர்வு எழுத வேண்டியவர்கள் பட்டியலில் கடைசியாக என் பெயர் இருக்கிறது.”

ஆசான் அருகில் வந்து எட்டிப் பார்த்தார்.

“அதுவரைக்கும் படிச்சிட்டீங்களா?”

“படித்துவிட்டேன்.”

“அப்ப அதை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.”